நின்றபடி பால் கொடுத்தவள்

பார்வையில்லாதவர்களுக்கு வழிகாட்ட நாய்களைப் பழக்கும் அந்த மையத்தில், குட்டி போடும் அறைக்குப் பொறுப்பு தொட்டில் அக்காதான். வீட்டில் வைத்த பெயர் அவளுடைய அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், நோஞ்சானாகப் பிறந்த ஒரு குட்டியைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மூன்று நாள் வளைய வந்தாள். அதைப் பார்த்து யாரோ சும்மா சொன்ன பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது பதினோரு வருடம் ஆகிவிட்டது. மேலாளரே "தொட்டில் அக்காவை வரச் சொல்லுங்க" என்றுதான் சொல்வார்.

ஒரு வருடம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் குட்டி போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பஞ்சுவுக்கு எட்டு. செவ்வாய்க்கிழமை சீமாட்டிக்கு ஆறு. இரண்டு பேரும் லாப்ரடார்தான், நிறம்கூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் குணத்தில் ஏணி வைத்தாலும் எட்டாது.

பஞ்சு மெத்தையில் சாய்ந்தாள் என்றால் சாய்ந்ததுதான். எட்டும் வரிசையாக ஒட்டிக்கொள்ளும். ஒன்று லேசாகச் சிணுங்கினால் போதும், மூக்கால் தள்ளி இடம் பார்த்து வைப்பாள். நக்கி நக்கி அவள் குட்டிகளின் தலை எப்போதும் எண்ணெய் தேய்த்து வாரிய மாதிரி படிந்து கிடக்கும். வெளியே போய் வரச் சொல்லிக் கதவைத் திறந்தால், போன வேகத்தில் திரும்பி வந்து எட்டையும் எண்ணிப் பார்ப்பது போல ஒவ்வொன்றாக முகர்வாள். தொட்டில் அக்காவுக்குப் பஞ்சு என்றால் உயிர்.

சீமாட்டி வேறு ரகம். முதல் பத்து நாள் வேறு வழியில்லாமல் படுத்துக் கிடந்தாள், அதுவும் கடமைக்கு. குட்டிகள் கண் திறந்து தள்ளாடி நடக்க ஆரம்பித்ததும், இனி என் வேலை முடிந்தது என்பது போல எழுந்துவிட்டாள். பால் நேரத்துக்கு விருந்தாளி மாதிரி வருவாள். வந்து நிற்பாள். கீழே இருக்கிறவர்கள் எக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். பாதிக் குடியில் அவளுக்கு ஏதாவது ஞாபகம் வந்துவிடும், நடக்க ஆரம்பிப்பாள். பிடியை விடாத குட்டி இரண்டு அடி தொங்கிக்கொண்டே போய்த் தொப்பென்று விழும். சீமாட்டி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

"இவளுக்கெல்லாம் எதுக்குப் பிள்ளை குட்டி" என்று அக்கா அவள் காதுபடவே சொல்வாள்.

பஞ்சுவுக்குக் குட்டி பிறந்த ஐந்தாம் நாள் ஒரு பக்கம் மடி வீங்கிக் காய்ச்சல் வந்தது. மையத்தின் கால்நடை மருத்துவர் ஒரு பெண். வயதில் அக்காவைவிட இளையவர், எல்லாரும் டாக்டரம்மா என்பார்கள். அவர் வந்து பார்த்து ஊசி போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"எட்டு பேருக்கு ஒரு பக்கப் பால் பத்தாதுக்கா. மூணு பேரைச் சீமாட்டிகிட்ட விட்டுடலாம்."

"சீமாட்டிகிட்டயா? அவ பெத்ததையே ஏறெடுத்துப் பார்க்க மாட்டேங்கிறாளே, டாக்டரம்மா."

"பார்க்க வேண்டாம். பால் இருக்கு, அது போதும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. இதுக்கப்புறம் யாரையும் இடம் மாத்தாதீங்க. யார் யார்கிட்ட வளர்ந்தாங்கன்னு பதிவேட்டுல சுத்தமா இருக்கணும். பின்னால எனக்குத் தேவைப்படும்."

குட்டிகளை அடையாளம் காணக் கழுத்தில் ஒவ்வொரு நிறத்தில் ரிப்பன் கட்டுவது வழக்கம். பஞ்சு பெற்றதில் பச்சை, சிவப்பு, மஞ்சள் மூன்றும் அன்றைக்கே குடி மாறின. அக்கா ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் தூக்கிப் போய்ச் சீமாட்டியின் பெட்டியில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சீமாட்டி மூன்றையும் ஒரு முறை முகர்ந்து பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள். தன் பிள்ளைக்கும் வந்த பிள்ளைக்கும் அவள் வித்தியாசமே காட்டவில்லை. இரண்டு தரப்பையும் ஒரே மாதிரி கண்டுகொள்ளவில்லை.

சீமாட்டி பெற்றவர்களில் நீல ரிப்பன் என்று ஒருவன் இருந்தான். ஒன்பது பேரில் கடைசி. மற்றவர்கள் எக்கிப் பிடிக்கும்போது இவன் மட்டும் பின்னங்காலில் நிற்கத் தெரியாமல் மல்லாந்து விழுவான். விழுந்து எழுந்து வருவதற்குள் சீமாட்டி அடுத்த மூலைக்குப் போயிருப்பாள். அக்கா பதினைந்து நாள் பொறுத்தாள். பதினாறாம் நாள் மத்தியானம், அவன் விழுந்து கிடந்தபடியே வெறும் காற்றைச் சப்புவதைப் பார்த்தாள். அத்தோடு சரி. பஞ்சுவுக்கு அதற்குள் காய்ச்சல் விட்டு, வீக்கமும் வற்றி, பால் சுரந்து வழிந்தது. அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். நீலத்தைத் தூக்கி ஏப்ரன் பைக்குள் போட்டாள். நாலு எட்டு நடந்து பஞ்சுவின் வயிற்றோடு சேர்த்து வைத்தாள்.

பஞ்சு ஒரு கேள்வி கேட்கவில்லை. புரட்டிப் போட்டு நக்க ஆரம்பித்தாள்.

பதிவேட்டில் அக்கா எழுதவில்லை. டாக்டரம்மா செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு வருவார். ஒன்பதே முக்காலுக்கு நீலம் ஏப்ரன் பையில் ஏறிப் பெற்ற தாய் வீட்டுக்குப் போவான். பதினொன்றுக்கு அதே பையில் திரும்பி வருவான். வாரத்துக்கு இரண்டு தடவை சொந்த அம்மாவை எட்டிப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை அவன் ஒருவன்தான். மாலைப் பணிக்கு வருகிறவர் தலையை மட்டும் எண்ணுவார். "பதினாலா? சரி" என்று டிக் போட்டுவிட்டு ரேடியோவைத் திருப்புவார். இப்படியே ஐந்தாறு வாரம் ஓடியது. நீலம் கொழுகொழுவென்று ஆனான். அக்காவுக்கு அதைப் பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது.

எட்டு வாரம் முடிந்ததும் பதினாலு பேரும் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்கு நல்ல நல்ல பெயர்கள் வைத்தார்கள். அக்கா அந்தப் பெயர்களை மதிக்கவே இல்லை. அவளுக்குப் பச்சை பச்சைதான், நீலம் நீலம்தான்.

ஒரு வருடமும் சில மாதங்களும் கழித்து எல்லாரும் வளர்ந்து ஆளாகிப் பயிற்சிக்குத் திரும்பி வந்தார்கள். பயிற்சியாளருக்கு விசில் என்று பெயர். கழுத்தில் ஒரு விசில் எப்போதும் தொங்கும், ஆனால் அவன் அதை ஊதி யாரும் கேட்டதில்லை. முதல் சோதனைகள் எளிமையானவை. தெரியாத அறையில் பத்து நிமிடம் தனியாக இருக்க வேண்டும். எதிரே திடீரென்று குடை விரிந்தால் பதறக் கூடாது. மூடிய டப்பாவுக்குள் தீனி இருக்கும், மூடியைத் தள்ளி எடுக்க வேண்டும்.

ஒரு மத்தியானம் விசில் குட்டி அறைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, உங்க பஞ்சுகிட்ட இருந்த அஞ்சு பேரும் போச்சு."

"போச்சுன்னா?"

"தேறல. தனியா விட்டா, குடும்பமே ரயிலேறிப் போயிட்ட மாதிரி கதவைப் பார்த்து ஊளை. குடையை விரிச்சா என் காலுக்குப் பின்னால. நல்ல பசங்கதான், ஒரு கெட்ட குணம் கிடையாது. ஆனா எதுக்கெடுத்தாலும் என் முகத்தைப் பார்க்கிறாங்க."

"நீலம்?"

"அவன் அதுல எல்லாருக்கும் மேல. டப்பாவை ஒரு தடவை தொட்டுப் பார்த்தான். அப்புறம் நேரா வந்து என் முட்டியில தாடையை வச்சுட்டு உட்கார்ந்துட்டான். நீயே திறன்னு அர்த்தம்."

"நீ என்ன பண்ணுன?"

"திறந்துட்டேன். அந்த மூஞ்சியைப் பார்த்தா யாரால முடியும்? ஆனா அக்கா, நாளைக்கு அவனைப் பிடிச்சுக்கிட்டு நடக்கப்போற ஆளுக்கு அந்த மூஞ்சி தெரியாதே."

பஞ்சு காலடியில் படுத்திருந்தாள். அக்கா குனிந்து அவள் காதைத் தடவிக் கொடுத்தாள்.

அந்த வார வெள்ளிக்கிழமை டாக்டரம்மா ஒரு பெரிய காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து மேசையில் விரித்தார். பதினாலு குட்டிக்கும் பதினாலு புள்ளி. தேறியது கறுப்பு, தேறாதது வெள்ளை.

"திங்கட்கிழமை மேலாளர் கூட்டம் போட்டிருக்காருக்கா. பஞ்சு ரத்தமே சரியில்லங்கிறார். அவளை இனி குட்டி போட விட வேண்டாமாம். அதோட, பஞ்சு பெத்த எல்லாரையும் பயிற்சியில இருந்து எடுத்துடலாங்கிறார்."

"எல்லாரையுமா? பச்சை, சிவப்பு, மஞ்சள் மூணு பேரும் நல்லாத்தானே பண்றாங்க?"

"பிரமாதமா பண்றாங்க. பச்சைக்கு ஆள்கூடப் பார்த்தாச்சு. கண்ணு தெரியாத ஒரு பிசியோதெரபிஸ்ட், பெண், நாய்க்காக ஏழு மாசமாக் காத்துக்கிட்டிருக்காங்க. ஆனா இன்னும் போக்குவரத்துப் பயிற்சி ஆரம்பிக்கல. மத்த அஞ்சு பேர் இப்பவே உடைஞ்சாங்க, இவங்க ரோட்டுல உடைவாங்க, ரத்தம் ஒண்ணுதானேங்கிறார். பயிற்சிக்கு இடம் பத்துதான் இருக்கு, அதை வீணாக்க முடியாதாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

டாக்டரம்மா பேனாவால் காகிதத்தைத் தட்டினார். "எனக்கு வேற சந்தேகம். பஞ்சுகிட்ட வளர்ந்த அஞ்சும் வெள்ளை. பஞ்சு பெத்து, சீமாட்டிகிட்ட வளர்ந்த மூணும் கறுப்பு. சீமாட்டியோட சொந்தப் பிள்ளைங்க அஞ்சு பேர் கறுப்பு. அப்ப இது ரத்தம் இல்ல, வளர்த்த விதம். பழைய பதிவேட்டுலகூட பஞ்சு வளர்த்தவங்க பெரும்பாலும் இப்படித்தான். ஆனா இவன் ஒருத்தன் இருக்கானே." பேனா நீலத்தின் மேல் நின்றது. "சீமாட்டி பெத்தவன், சீமாட்டியே வளர்த்தவன். பஞ்சு பிள்ளைங்களைவிட மோசம். நான் எந்தப் பக்கம் போனாலும் இவன் குறுக்க நிக்கிறான். மேலாளரும் இவனைத்தான் காட்டுறார். வளர்ப்புதான் காரணம்னா இவன் ஏன் தேறலன்னு கேட்கிறார். எனக்குப் பதில் தெரியல."

அக்கா சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் டாக்டரம்மாவின் போன் அடித்தது. அவர் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு பேசியபடியே போய்விட்டார். அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். ஏப்ரன் பையில் கையை விட்டு வெளியே எடுத்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டு மேசையில் மூன்று பேர். அக்காவின் கணவர் லிப்ட் பழுது பார்க்கிறவர். நகத்தில் கிரீஸ் போகாத கை. மகள் கல்லூரியில் கடைசி வருடம், புள்ளியியல் படிக்கிறாள். இருபத்தொரு வயதானாலும் அவளுக்கு ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாகத் தட்டில் வைப்பது அக்காவின் வழக்கம். மகள் போனைப் பார்த்தபடியே கையை நீட்டி எடுத்துக்கொள்வாள்.

"ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார் கணவர்.

அக்கா ஆரஞ்சை உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஏப்ரன் பை வந்த இடத்தில் அவர் சிரித்துவிட்டார்.

"வாரத்துக்கு ரெண்டு தடவையா? பைக்குள்ள வச்சா?"

"சிரிக்காதீங்க. அழுகை வருது எனக்கு."

"சரி, சொன்னா என்ன ஆகும்?"

"வேலை போகலாம். போகாட்டியும், பதினோரு வருஷமா எடுத்த பேர் போயிடும்."

"சொல்லாட்டி?"

"பச்சையை எடுத்துடுவாங்க. பஞ்சுவையும்."

அவர் தட்டை ஓரமாகத் தள்ளினார். "லிப்ட்ல ஒரு ஒயரை நான் தப்பா மாட்டிட்டேன்னு வச்சுக்க. மறுநாள் நானே போய்ச் சொன்னா திட்டு விழும். சொல்லாம விட்டா, அடுத்து வர்றவன் நல்ல ஒயரையெல்லாம் கழட்டிப் பார்த்துக்கிட்டிருப்பான்."

மகள் போனைக் கீழே வைத்தாள். "அம்மா, அந்த டாக்டர் அந்த ஒரு புள்ளியை வச்சுக்கிட்டு மண்டையை உடைச்சுக்கிட்டிருக்காங்க. நீ பார்த்துக்கிட்டு நின்னியா?"

"போன் வந்துடுச்சு."

"போன் வச்சப்புறம் அவங்க ஊரை விட்டா போயிட்டாங்க?"

பஞ்சுவைக் குறை சொல்ல வேண்டியிருக்கிறதே, அதுதான் அக்காவைக் குடைந்தது. தப்பு செய்ததைச் சொல்வதுகூடப் பெரிதில்லை. ஆசை ஆசையாக நக்கி வளர்த்த ஒரு தாய்தான் பிள்ளைகளைக் கெடுத்தாள் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். யோசித்தபடியே கையில் இருந்த ஆரஞ்சைப் பார்த்தாள். பாதி உரித்திருந்தது. அதை அப்படியே மகளின் தட்டில் வைத்தாள்.

மகள் ஆரஞ்சைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"என்னம்மா, நீயும் நின்னுக்கிட்டே பால் குடுக்க ஆரம்பிச்சுட்டியா?"

கணவருக்குப் புரையேறிவிட்டது. அவர் முதுகைத் தட்டிக்கொண்டே அக்காவும் சிரித்தாள். மிச்சத்தை மகளே உரித்தாள்; சாறு மேசையெல்லாம் தெறித்தது.

திங்கட்கிழமை மேலாளர் அறையில் நாலு பேர் உட்கார்ந்தார்கள். மேலாளர் அளந்து பேசுகிற மனிதர்; எதிரே இருக்கும் காகிதங்களை ஓரம் பார்த்து அடுக்கிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார். அவர் அடுக்கி முடிப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டாள்.

"சார், நீலத்தைச் சீமாட்டி வளர்க்கல. பஞ்சுதான் வளர்த்தா. பதினாறாம் நாள் நான் மாத்தினேன். யாருக்கும் சொல்லல, எழுதவும் இல்ல. டாக்டரம்மா வர்ற நேரம் மட்டும் பழைய இடத்துல கொண்டுபோய் வச்சேன்."

டாக்டரம்மா அக்காவையே பார்த்தார்.

"எப்படி வச்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஏப்ரன் பையில."

விசில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க சொல்றது பெரிய விஷயம். ஆனா பஞ்சு மேல உங்களுக்கு இருக்கிற பாசம் எல்லாருக்கும் தெரியும். அவளைக் காப்பாத்தறதுக்காக இப்பக் கதை சொல்றீங்கன்னு நான் ஏன் நினைக்கக் கூடாது?"

அதற்குள் டாக்டரம்மா பதிவேட்டை இழுத்துப் பக்கம் புரட்ட ஆரம்பித்திருந்தார். தினமும் காலையில் குட்டிகளை எடை போட்டு எழுதுவது அக்காதான். இடத்தை மறைத்தாளே தவிர எடையை மறைக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. ஒரு கிராம் கூட்டிக் குறைத்து எழுதியதில்லை.

"இங்க பாருங்க சார். பதினாறாம் நாள் வரைக்கும் நீலம் ஒன்பது பேர்ல கடைசி. இருபத்தஞ்சாம் நாள் அவன்தான் முதல். சீமாட்டிகிட்ட இருந்த ஒரு குட்டிகூட இந்த வேகத்துல ஏறல. பஞ்சுகிட்ட இருந்தவங்க எல்லாரும் இப்படித்தான் ஏறினாங்க." அவர் பக்கத்தை விரலால் அழுத்திக்கொண்டு நிமிர்ந்தார். "இதை நான் அப்பவே பார்த்தேன். தராசுதான் கோளாறுன்னு நினைச்சேன்."

"புதுத் தராசு வாங்கினது அதுக்குத்தானா?" என்றான் விசில்.

"அதுக்குத்தான்." டாக்டரம்மா பதிவேட்டை மூடினார். "அக்கா, உங்க மேல எனக்கு எவ்வளவு கோபம்னு இப்பச் சொல்ல மாட்டேன். இந்த ஒரு புள்ளியால ஒரு வாரமா எனக்குச் சரியான தூக்கம் இல்ல. ஆனா நீங்க வந்து சொன்னதுக்கு நன்றி."

பிறகு அவர் மேலாளரிடம் திரும்பி, அடுத்த கால் மணி நேரம் பேசினார். பதினாலு குட்டிகளை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாது என்பதையும் அவரே சொன்னார். ஆனால் பால் தேடிப் போய், விழுந்து, எழுந்து, மறுபடி எக்கிப் பிடித்துப் பழகியவனுக்கு வழியில் ஒரு பள்ளம் வந்தால் அது இன்னொரு வேலை, அவ்வளவுதான் என்றார். தேட வேண்டிய அவசியமே வராமல் வளர்ந்தவனுக்கு அதே பள்ளம் உலகம் முடிந்த மாதிரி.

"அப்ப பஞ்சு மோசமான அம்மாவா?" என்று அக்கா கேட்டாள். கேட்க நினைக்கவில்லை, வாயிலிருந்து வந்துவிட்டது.

"இல்லக்கா. இந்த வேலைக்கு ஆள் தயார் பண்ற அம்மா இல்ல. வீட்டுல காலடியில படுத்திருக்கிற நாய் வேணும்னா, பஞ்சுவை விட்டா ஆளே கிடையாது."

மேலாளர் காகிதங்களை மறுபடி அடுக்கினார். பச்சை, சிவப்பு, மஞ்சள் மூவரும் பயிற்சியில் தொடரலாம். பஞ்சுவைப் பற்றிய முடிவைத் தள்ளி வைக்கலாம். தொட்டில் அக்காவுக்கு எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கை. பதிவேட்டில் அந்த ஆறு வாரத்தையும் அவளே தன் கையால் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா அன்றைக்கே உட்கார்ந்து எழுதினாள். எழுதி முடிக்க மாலை ஆகிவிட்டது. டாக்டரம்மா அதற்குப் பிறகு இரண்டு வாரம், வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. மூன்றாவது வாரம் அறைக்குள் வந்ததும் அக்காவின் ஏப்ரன் பையைத் தொட்டுப் பார்த்து, "இன்னிக்கு யாரும் பயணம் பண்ணலையே?" என்றார். அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

நீலத்துக்கு வேலை கிடைக்க ரொம்ப நாள் ஆகவில்லை. ஒரு குழந்தைகள் பல் மருத்துவமனை அவனைக் கேட்டு வாங்கிப் போனது. நாற்காலியில் படுத்திருக்கும் பிள்ளையின் பக்கத்தில் ஒரு பலகையில் ஏறிப் படுத்துக்கொள்ள வேண்டும், எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் அசையக் கூடாது. அவன் அதற்கென்றே பிறந்தவன் மாதிரி இருக்கிறான் என்று அங்கிருந்து சொல்லி அனுப்பினார்கள். பஞ்சு வளர்த்த மற்ற ஐந்து பேரும் வீடுகளுக்குப் போய், சோபாக்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

மூன்று மாதம் கழித்து விசில் அக்காவைக் கூப்பிட்டான். "பச்சையை இன்னிக்கு அவங்களோட ரோட்டுக்குக் கொண்டு போறோம். நீங்க எதிர்ப்பக்கம் நின்னு பாருங்க. அவன் கண்ணுல மட்டும் பட்டுடாதீங்க."

அக்கா ஒரு மருந்துக் கடை வாசலில், தள்ளுபடி அட்டைக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். பிசியோதெரபிஸ்டுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஆஸ்பத்திரி வேலை, வேகமாக நடக்கிற பழக்கம். புறப்படும் முன் குனிந்து பச்சையின் தோள், கழுத்து, முதுகு எல்லாவற்றையும் நோயாளியைத் தடவிப் பார்ப்பது போலத் தடவினாள். அவள் குரல் சாலையைத் தாண்டிக் கேட்டது.

"தசையெல்லாம் நல்லா இருக்கே. யார் வளர்த்தது?"

"பெத்தது ஒருத்தி, வளர்த்தது ஒருத்தி" என்றான் விசில்.

"அப்ப ரெண்டு பேருக்கும் நான் கேட்டதாச் சொல்லுங்க."

இருவரும் நடைபாதை விளிம்புக்கு வந்தார்கள். பச்சை நின்றான். அவள் காதால் சாலையை அளந்தாள். சத்தம் ஓய்ந்தது. "போ" என்றாள்.

பச்சை அசையவில்லை.

அந்த நேரம் இடது பக்கத்திலிருந்து, தவறான பக்கமாக, பேட்டரி வண்டியில் ஒருவன் பார்சல் மூட்டையோடு வந்துகொண்டிருந்தான். பேட்டரி வண்டி என்பதால் சத்தமே இல்லை. அக்கா மருந்துக் கடை வாசலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிசியோதெரபிஸ்ட் மறுபடி "போ" என்றாள். பச்சை அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பதறவும் இல்லை. ஒரு எட்டு முன்னால் வைத்து, உடம்பைக் குறுக்கே திருப்பி, அவள் முட்டியைத் தடுத்து நின்றான். வண்டி காற்றைக் கிளப்பிக்கொண்டு அவர்கள் முன்னால் போனது.

அவள் அந்தக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டாள்.

"சரிப்பா" என்றாள் பிறகு. "நீ சொன்னாச் சரி."

பிறகு அவர்கள் கடந்து வந்தார்கள். மருந்துக் கடையைத் தாண்டும்போது பச்சையின் மூக்கு ஒரு முறை அக்கா பக்கம் திரும்பியது. வால் இரண்டு தடவை ஆடியது. வேலை நேரம் என்பதால் நிற்காமல் போய்விட்டான்.

அக்கா மையத்துக்குத் திரும்பியதும் நேராகச் சீமாட்டியிடம் போனாள். அவள் வெயிலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, பிசியோதெரபிஸ்ட் சொன்னதைச் சொன்னாள். அவளைப் பற்றித் தான் சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்வதாகவும் சொன்னாள். சீமாட்டி ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

பஞ்சுவுக்கு மேலாளர் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்; அடுத்த வருடம் அவளுக்கு ஏழு குட்டி பிறந்தது. இந்தத் தடவை டாக்டரம்மா அறையையே மாற்றிவிட்டார். மூன்றாம் வாரத்திலிருந்து பஞ்சு காலையும் மாலையும் கம்பி வலைக் கதவுக்கு வெளியே இருக்க வேண்டும். பெட்டிக்குள் சுருட்டிய துண்டு ஒன்றைக் குறுக்கே போட்டு, பால் கிண்ணத்தை அந்தப் பக்கம் வைக்க வேண்டும். யாரும் தூக்கிவிடக் கூடாது. தூக்கிவிடக் கூடாத ஆள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அக்கா கையில் ஒரு ஸ்டாப்வாட்சைக் கொடுத்தார்கள், கை சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக.

முதல் நாள் ஆறு பேர் எப்படியோ துண்டின் மேல் ஏறி விழுந்து கிண்ணத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒருத்தி மட்டும், பழுப்பு ரிப்பன், துண்டில் வயிறு மாட்டிக்கொண்டு முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் கத்தினாள். வலைக்கு வெளியே பஞ்சு பதிலுக்கு முனகினாள். அவள் பக்கத்தில் அக்கா நின்றாள். அவளுக்கும் முனகத் தோன்றியது. ஸ்டாப்வாட்ச் ஐம்பது வினாடி காட்டியது. அக்கா கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"அக்கா" என்றார் பின்னாலிருந்து டாக்டரம்மா.

"சும்மா கையைத்தான் வச்சேன்."

பழுப்பு பின்னால் சரிந்து விழுந்தாள். கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்தாள். பிறகு துண்டின் மேல் ஏறுவதை விட்டுவிட்டு, அதன் ஓரமாகவே நடந்தாள். சுவரோரம் வந்ததும் துண்டு முடிந்துவிட்டது. சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்க் கிண்ணத்தில் தலையை விட்டாள். மற்ற ஆறு பேரில் யாருக்கும் அந்த வழி தோன்றியிருக்கவில்லை.

"எவ்வளவு?" என்றார் டாக்டரம்மா.

அக்கா பார்த்தாள். ஸ்டாப்வாட்சை நிறுத்த மறந்துவிட்டாள். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "ரெண்டு நிமிஷத்துக்குள்ளதான்" என்றாள். "எழுதும்போது சரியா எழுதறேன், நிறுத்த மறந்துட்டேன்னு."

குட்டிகள் குடித்து முடித்ததும் கதவைத் திறந்துவிட்டார்கள். பஞ்சு ஓடிப் போய், முதல் வேலையாகப் பழுப்பைப் புரட்டிப் போட்டு, முகத்தில் ஒட்டியிருந்த பாலை நக்க ஆரம்பித்தாள்.

"நக்கட்டும்" என்றார் டாக்டரம்மா. "அதுல ஒண்ணும் தப்பில்ல."

அக்கா காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.